வீட்டுக் குழாய் வேலை: எந்த ஃபிட்டிங்கை எங்கே போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுபவர்களும் குளியலறையை மாற்றிக் கட்டுபவர்களும் ஹார்டுவேர் கடைக் கவுண்டரில் நின்று கேட்கும் சந்தேகங்களைக் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பைப் எந்தக் கம்பெனி என்பதற்கு எல்லோரும் நிறைய யோசிக்கிறார்கள். ஆனால் வீடுகளில் ஒழுகுவது பெரும்பாலும் ஜாயிண்ட்தான். அதனால் பதில்கள் ஃபிட்டிங்கை, அதாவது பைப்புகளைச் சேர்க்கும் துண்டுகளைப் பற்றியே அதிகம் பேசும்.

1. பி.வி.சி., யு.பி.வி.சி., சி.பி.வி.சி... எல்லாம் ஒரே பிளாஸ்டிக்தானே? எதுக்கு மூணு பேரு?

அடிப்படைப் பொருள் ஒன்றுதான். அதை மென்மையாக்கும் பொருள் எதுவும் சேர்க்காமல் விறைப்பாகச் செய்தால் யு.பி.வி.சி. தோட்டத்துக்குப் போடும் சாம்பல் நிற பைப்பும் உண்மையில் இந்த வகைதான். ஆனால் கடைப் பேச்சில் அதை ‘பி.வி.சி.’ என்றும், வீட்டு லைனுக்குப் போடும் தடித்த வெள்ளை பைப்பை மட்டும் ‘யு.பி.வி.சி.’ என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் அளவுமுறை வேறு. அதைக் கேள்வி 4-ல் பாருங்கள்.

அதே பொருளில் கூடுதலாகக் குளோரின் ஏற்றியது சி.பி.வி.சி. வெண்ணெய் நிறத்தில் இருக்கும். யு.பி.வி.சி. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தளர்ந்துவிடும், சி.பி.வி.சி. 93 டிகிரி வரை தாங்கும். வெந்நீருக்குச் சி.பி.வி.சி. கேட்பது இதனால்தான்.

2. சரி, என் வீட்டுக்கு எதை எங்க போடணும்? சுருக்கமா சொல்லிடுங்க.

போரிலிருந்தோ சம்ப்பிலிருந்தோ மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறும் லைனுக்கு யு.பி.வி.சி. போதும். தொட்டியிலிருந்து இறங்கும் பச்சைத் தண்ணீர் லைனுக்கும் அதுவே போதும். குளியலறைச் சுவருக்குள் போகும் லைன், வெந்நீர் பச்சைத்தண்ணீர் இரண்டுமே சி.பி.வி.சி.யாக இருக்கட்டும். மிக்சர் (வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் குழாய்) பழுதானால் வெந்நீர், பச்சைத்தண்ணீர் லைனுக்குள் திரும்பி ஏற வாய்ப்பு உண்டு, அங்கே யு.பி.வி.சி. இருந்தால் ஜாயிண்ட் தளரும். கழிவு நீருக்கு எஸ்.டபிள்யூ.ஆர். பைப். அது தனி உலகம், கேள்வி 15-ல் வருகிறது.

ஜி.ஐ. பைப்பை (துத்தநாகப் பூச்சுப் போட்ட இரும்புக் குழாய்) இன்று புதிதாகப் போட நான் சொல்வதில்லை. உப்புத் தண்ணீர் போர் உள்ள ஊர்களில் உள்ளே துருவும் உப்பும் படிந்து, சில ஆண்டுகளிலேயே அரை இஞ்ச் பைப்பின் துவாரம் குறுகிவிடுகிறது. அடிபடும் இடம், வெளியே தொங்கும் தோட்டக் குழாய் போன்றவற்றுக்கு ஒரு துண்டு ஜி.ஐ. இன்னும் நல்லதுதான்.

3. பிளம்பர் எழுதிக் கொடுத்த சீட்டுல எஃப்.டி.ஏ., எம்.ஏ.பி.டி.ன்னு என்னவோ இருக்கு. புரியலையே?

எல்போ என்றால் வளைவு. டீ என்றால் மூன்று வாய். கப்ளர் என்றால் இரண்டு பைப்பை நேராகச் சேர்ப்பது, ஜி.ஐ.யில் இதையே சாக்கெட் என்பார்கள். ரெடியூசர் பெரிய அளவிலிருந்து சின்ன அளவுக்கு மாற்றும். எண்ட் கேப் முனையை மூடும். டம்மி என்பது மரை உள்ள அடைப்பான். குழாய் மாட்டும் வரை சுவர் வாயை அடைத்து வைக்க.

எம்.டி.ஏ.வுக்கு ஒரு பக்கம் ஒட்டும் வாய், மறுபக்கம் வெளிமரை. எஃப்.டி.ஏ.வுக்கு மறுபக்கம் உள்மரை. இரண்டும் முழுக்கப் பிளாஸ்டிக். எம்.ஏ.பி.டி., எஃப்.ஏ.பி.டி. இரண்டும் அதே வடிவம்தான், மரைப் பகுதி மட்டும் பித்தளை. சீட்டில் ‘பி’ என்ற எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதை அவசியம் பாருங்கள். விலை வித்தியாசமும் ஆயுள் வித்தியாசமும் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. கடையில் இருப்பதைப் போட்டு அனுப்பிவிட்டால் வீட்டுக்குப் போன பிறகு யாரும் கவனிப்பதில்லை.

4. முக்கால் இஞ்ச்னு கேட்டுத்தான் வாங்கினேன். பைப்புல போகவே மாட்டேங்குது. தப்பான சரக்கா?

சரக்கு சரிதான், அளவுமுறை வேறு. சி.பி.வி.சி. பைப் செம்புக் குழாயின் வெளிவிட்டத்தைப் பின்பற்றுகிறது, வெள்ளை யு.பி.வி.சி. இரும்புக் குழாயின் வெளிவிட்டத்தைப் பின்பற்றுகிறது. அரை இஞ்ச் சி.பி.வி.சி.யின் வெளிவிட்டம் 15.9 மி.மீ.; அரை இஞ்ச் யு.பி.வி.சி.யின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. முக்கால் இஞ்ச் என்றால் 22.2, 26.7. சாம்பல் நிற பைப் மூன்றாவது கணக்கு: அதன் பெயரிலேயே வெளிவிட்டம் இருக்கும், 20, 25, 32 மி.மீ. என்று. 25 மி.மீ. பைப்பை முக்கால் இஞ்ச் என்று சொல்லி விற்பார்கள். வெள்ளை முக்கால் இஞ்ச் எல்போவுக்குள் அது லொடலொடவென்று ஆடும்.

இதில் ஒரு ஆபத்து. அரை இஞ்ச் யு.பி.வி.சி. பைப் (21.3), முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. ஃபிட்டிங்கிற்குள் (22.2) கிட்டத்தட்டப் பொருந்துவது போல நுழையும். இடைவெளியைச் சொல்யூஷனால் நிரப்பி ஒட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். சொல்யூஷன் இடைவெளியை நிரப்பும் பொருள் அல்ல; பைப்பின் மேல்தோலையும் ஃபிட்டிங்கின் உள்தோலையும் கரைத்து ஒன்றாக்குவது. இரண்டும் இறுக்கமாகத் தொட்டால்தான் ஒன்றாகும்.

மரைக்கு இந்தக் குழப்பம் இல்லை. நம் ஊரில் அரை இஞ்ச் மரை எந்தப் பொருளில் இருந்தாலும் அதே பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் மரைத் தரம்) அளவுதான். வகை மாறும் இடத்தில் மரை வழியாக மாற்றுங்கள். அமெரிக்காவிலிருந்து ஷவர் கொண்டு வருபவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: அந்த மரையிலும் ஒரு இஞ்சுக்கு 14 புரிதான். ஆனால் நம்முடைய மரையின் கோணம் 55 டிகிரி, அவர்களுடையது 60. இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், பிறகு ஒழுகும். அதற்கென்று தனி அடாப்டர் கேட்டு வாங்குங்கள்.

5. குழாய் மாட்டுற இடத்துல பிராஸ் எல்போதான் போடணுமா? பிளாஸ்டிக் எல்போ ரொம்ப விலை கம்மியா இருக்கே?

ஆமாம், பிராஸ்தான். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு எதிலாவது குறையுங்கள், இதில் வேண்டாம். குழாய், ஷவர், ஆங்கிள் காக் (சுவரோரம் தண்ணீரை அடைக்கும் சிறு வால்வு), ஹெல்த் ஃபாசெட் என்று உலோக மரை வந்து ஏறும் ஒவ்வொரு வாயும் பித்தளை மரை உள்ளதாக இருக்க வேண்டும்.

காரணம் இது. பல குழாய்களின் வெளிமரை முனை நோக்கிச் சற்றே கூம்பி இருக்கும். முறுக்க முறுக்க அது ஆப்பு இறங்குவது போல உள்மரையை வெளிப்பக்கமாகத் தள்ளும். பித்தளை அந்தத் தள்ளலைத் தாங்கும். பிளாஸ்டிக் அன்றைக்குத் தாங்குவது போல இருந்துவிட்டு, இழுவிசையிலேயே நாள்கணக்கில் நின்று, ஒருநாள் நெடுக்காக வெடிக்கும். அதற்குள் டைல்ஸ் ஒட்டி, வர்ணம் அடித்து, குடியும் போயிருப்பீர்கள். எதிர்ப்பக்கம் பிரச்சினை குறைவு: பிளாஸ்டிக் வெளிமரை உலோக உள்மரைக்குள் போவதில் வெடிக்கும் அபாயம் அதிகம் இல்லை. உலோகம் உள்ளே, பிளாஸ்டிக் வெளியே என்ற அமைப்பு மட்டும் எங்கும் வரக் கூடாது.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை கனமாக இருக்கும், மரை கூர்மையாகவும் சுத்தமாகவும் இருக்கும். காந்தம் ஒட்டினால் அது பித்தளைப் பூச்சுப் போட்ட இரும்பு. பொருத்தும்போது பிராஸ் எல்போவின் முகம் டைல்ஸ் ஒட்டிய பிறகு வரும் சுவர் மட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். உள்ளே போய்விட்டால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட வேண்டிவரும். அது ஒழுகக்கூடிய இன்னொரு ஜாயிண்ட். டைல்ஸ் கனம், அதற்கடியில் வரும் கலவைக் கனம் இரண்டையும் கொத்தனாரிடம் கேட்டுவிட்டு எல்போவை நிறுத்தச் சொல்லுங்கள்.

6. ஒட்டுறது நல்லதா, மரை நல்லதா? எது ஒழுகாது?

ஒழுகாதது, சரியாகச் செய்த ஒட்டு. அது காய்ந்த பிறகு ஜாயிண்ட் என்று ஒன்று தனியாக இல்லை. மரை எப்போதும் இரண்டு பொருள்தான். நடுவில் டேப் நின்று தண்ணீரைத் தடுக்கிறது. ஆனால் ஒட்டைக் கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும்.

அதனால் எந்த இடத்திலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஜாயிண்டை நான் மறுபடி திறப்பேனா? திறக்க மாட்டேன் என்றால் ஒட்டுங்கள். திறப்பேன் என்றால் மரையோ யூனியனோ (நட்டைத் திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) போட்டு, கண்ணுக்கும் ரெஞ்சுக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள். சுவருக்குள் மரை ஜாயிண்ட் வரலாம் என்றால் அது குழாய் மாட்டும் வாய் ஒன்றுதான், அதன் முகம் வெளியே தெரிகிறது என்பதால்.

7. அப்ப யூனியன் எங்கெங்க போடணும்?

மோட்டாருக்கு முன்னும் பின்னும், தொட்டியிலிருந்து இறங்கும் வால்வுக்கு அடுத்து, வாட்டர் ஃபில்டர் அல்லது சாஃப்ட்னருக்கு இருபுறமும், ப்ரெஷர் பம்புக்கு இருபுறமும். கழற்றி எடுத்துப் போய்ப் பழுது பார்க்க வேண்டிய எந்தப் பொருளுக்கும் யூனியன் வேண்டும். சுவருக்குள் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். யூனியனுக்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான் தண்ணீரை நிறுத்துகிறது. அங்கே டேப் சுற்றுவதில் பயன் இல்லை.

8. சொல்யூஷன் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே? வீட்ல பாதி டப்பா இருக்கு.

இல்லை. சி.பி.வி.சி.க்குத் தனி, யு.பி.வி.சி.க்குத் தனி. வெந்நீர் லைனில் யு.பி.வி.சி. சொல்யூஷன் போட்டு ஒட்டினால் முதலில் ஒட்டியது போல நிற்கும், சூடு ஏறி இறங்க இறங்க விட்டுவிடும். வீட்டில் இருக்கும் பாதி டப்பாவைக் குச்சியில் தொட்டுப் பாருங்கள். தேன் போல ஒழுகினால் சரி. ஜெல்லி போல இறுகியிருந்தால் தூக்கிப் போடுங்கள். தின்னர் ஊற்றி இளக்குவது வேலைக்கு ஆகாது.

ஒட்டும் முறையும் முக்கியம். பைப்பை நேராக வெட்டி, ஹாக்ஸா விட்ட பிசிறை உள்ளும் புறமும் எடுத்துவிட வேண்டும். ஈரம், தூசி இல்லாமல் துடைத்து, முதலில் சொல்யூஷன் இல்லாமல் நுழைத்துப் பார்க்க வேண்டும். வாயின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குள் பிடித்து நின்றால் பொருத்தம் சரி. தடையே இல்லாமல் அடிவரை போய் விழுந்தால் பொருத்தம் தளர்ச்சி. பிறகு பைப்பில் தாராளமாக, ஃபிட்டிங்கிற்குள் மெல்லிசாகத் தடவி, கால் சுற்றுத் திருகியபடி அடிவரை தள்ளி, அரை நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். வாய் உள்நோக்கிக் குறுகிப் போவதால், பிடிக்காவிட்டால் பைப்பை அது மெல்ல வெளியே தள்ளிவிடும். பல ஜாயிண்டுகள் கெடுவது இந்த அரை நிமிட அவசரத்தில்தான். ஃபிட்டிங்கிற்குள் டப்பாவைக் கவிழ்த்ததுபோல் பூசினால், மிஞ்சியது உள்ளே வழிந்து அரை இஞ்ச் துவாரத்தையே அடைக்கும். ஒட்டிய பிறகு ஒரு முழு நாள் விட்டுத்தான் அழுத்தச் சோதனை.

9. டெஃப்லான் டேப் எத்தனை சுத்து சுத்தணும்? சணல் சுத்துனா இன்னும் நல்லதுன்னு சொல்றாங்களே?

டேப்பின் கனம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் எண்ணிக்கை சொல்வதில் அர்த்தம் இல்லை. மரையின் பள்ளம் நிரம்பி, மேடு மட்டும் லேசாகத் தெரியும் அளவுக்குச் சுற்றுங்கள். மரை முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக் கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வரும். முதல் புரியைக் காலியாக விடுங்கள். இறுக்கிய பிறகு குழாய் நேராக நிற்கவில்லையே என்று பின்னோக்கித் திருப்பினால் அந்த டேப் போயிற்று. கழற்றிப் புதிதாகச் சுற்ற வேண்டும்.

சணல் ஜி.ஐ. வேலைக்கு நல்ல பொருள். ஈரம் பட்டால் ஊதும். இரும்பு அதைத் தாங்கும். பிளாஸ்டிக் மரையில் அந்த ஊதல் வெடிப்பைத்தான் தரும். சணலோடு பூசும் எண்ணெய்க் கலப்புள்ள பேஸ்ட் சி.பி.வி.சி.யைத் தாக்கி விரிசல் விடச் செய்யும். ஆங்கிள் காக்கிலிருந்து குழாய்க்கோ கீசருக்கோ போகும் வளையும் டியூபான கனெக்ஷன் பைப்பின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது. அங்கே டேப், சணல் இரண்டும் தேவையில்லை.

10. எங்க வீடு பழசு. ஜி.ஐ. லைன்ல ஒரு பகுதியை மட்டும் சி.பி.வி.சி. ஆக்கலாமா?

ஆக்கலாம். ஜி.ஐ.யின் வெளிமரை முனையில் பித்தளை உள்மரை உள்ள எஃப்.ஏ.பி.டி. போட்டு அங்கிருந்து சி.பி.வி.சி. தொடங்குங்கள். விலை கம்மி என்று முழுப் பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ. போட்டால் கேள்வி 5-ல் சொன்ன வெடிப்புத்தான்.

பழைய லைனில் ரெஞ்சு போடும்போது கவனம் வேண்டும். துருப்பிடித்த ஜி.ஐ.யில் ஒரு ஜாயிண்டைத் திருகினால், சுவருக்குள் இருக்கும் அடுத்த ஜாயிண்ட் ஆடிப் புதிய ஒழுகல் தொடங்கும். ஒரு ரெஞ்சால் பைப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருகச் சொல்லுங்கள். என் அபிப்பிராயம்: ஒரு குளியலறையைத் தொடுவதாக இருந்தால் அந்தக் குளியலறை லைன் முழுவதையும் மாற்றுங்கள். பாதியில் நிறுத்தினால் மிச்ச ஜி.ஐ.யின் துரு புது மிக்சருக்குள் வந்து சேரும்.

11. கீசருக்குப் பக்கத்துல என்ன ஃபிட்டிங்? அந்த வால்வு வேற எப்பப் பார்த்தாலும் சொட்டுது.

கீசரிலிருந்து வரும் இரண்டு வாய்க்கும் சுவரில் பிராஸ் எல்போ, அதில் ஆங்கிள் காக், அங்கிருந்து வெந்நீர் தாங்கும் எஸ்.எஸ். கம்பி பின்னிய கனெக்ஷன் பைப். வாஷ் பேசினுக்குப் போடும் சாதாரண வெள்ளை பிளாஸ்டிக் டியூப் இங்கே ஆகாது. ஆங்கிள் காக் வரும் வரிசையும் முக்கியம்: பச்சைத்தண்ணீர் பக்கத்தில் கீசருக்கு நேராக சேஃப்டி வால்வு, அதற்குப் பிறகுதான் காக். சேஃப்டி வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் மூடக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது.

தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் கீசரில் 25 டிகிரி தண்ணீர் 75 டிகிரி ஆகும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் கூடும். அந்த வால்வு தண்ணீரைத் தொட்டிப் பக்கம் திரும்ப விடாது, அதனால் கூடுதல் நீரைச் சொட்டாக வெளியே விடுகிறது. சூடாகும்போது சொட்டினால் அது வேலை செய்கிறது என்று பொருள். ஒரு சின்ன டியூப் மாட்டித் தரைக்கு விடுங்கள். தயவுசெய்து அந்தத் துவாரத்தை எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள்; உயிருக்கே ஆபத்து. கீசர் அணைந்திருக்கும் போதும் ஓயாமல் சொட்டினால் மட்டும் வால்வை மாற்றுங்கள்.

சோலார் ஹீட்டர் வேறு கதை. வீட்டில் ஆள் இல்லாத நாட்களில் அதன் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும். 93 டிகிரி என்ற எல்லையை நினைவில் வைத்து, சோலார் தொட்டியிலிருந்து வரும் முதல் பகுதியை ஜி.ஐ.யிலேயே எடுத்துவிடுங்கள்.

12. மேல் மாடியில தண்ணி மெதுவா வருது. எல்போ நிறைய போட்டதாலயா?

அதுவும் ஒரு காரணம். முதலில் உயரத்தைக் கணக்குப் பாருங்கள். 10 மீட்டர் உயர நீருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தம். மொட்டை மாடித் தொட்டிக்குக் கீழே இரண்டு மூன்று மீட்டரில் இருக்கும் மேல்மாடி ஷவருக்குக் கிடைப்பது 0.2, 0.3 கிலோதான். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒவ்வொரு வளைவும் தெரியும். ஒரு 90 டிகிரி எல்போ அந்த பைப்பின் விட்டத்தைப்போல் 30 மடங்கு நீளமுள்ள நேர் பைப்புக்குச் சமமான தடையைத் தரும். முக்கால் இஞ்ச் லைனில் அது ஏறத்தாழ இரண்டடி. பத்து எல்போ போட்டால் இருபதடி பைப் கூடியதற்குச் சமம்.

ஆகவே தொட்டியிலிருந்து இறங்கும் லைனை ஒன்றேகால் அல்லது ஒன்றரை இஞ்சில் தொடங்கி, குளியலறை வரை ஒரு இஞ்ச், உள்ளே முக்கால், குழாய் வாயில் மட்டும் அரை என்று இறக்குங்கள். இடம் இருந்தால் எல்போவுக்குப் பதில் பெண்ட் (நீண்டு மெல்ல வளையும் வளைவு) போடுங்கள், அல்லது 45 டிகிரி எல்போ இரண்டு. இறங்கு லைனின் தொடக்கத்தில் வால்வைத் தாண்டி ஒரு டீ போட்டு, தொட்டியின் உச்சிக்கு மேல் வரை ஒரு காற்றுக் குழாய் ஏற்ற வேண்டும். அது இல்லாமல் லைனில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் வராத வீடுகள் ஏராளம். பம்ப் வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

13. ப்ரெஷர் பம்ப் போட்டா பைப் வெடிச்சிடுமா? எஸ்.டி.ஆர். 11 போடணுமா, 13.5 போதுமா?

எஸ்.டி.ஆர். என்பது வெளிவிட்டத்தைச் சுவர்க்கனத்தால் வகுத்த எண். எண் சிறிதானால் கனம் அதிகம். எஸ்.டி.ஆர். 11 சி.பி.வி.சி. சாதாரணத் தண்ணீரில் ஏறத்தாழ 28 கிலோ, 82 டிகிரி வெந்நீரில் 7 கிலோ தாங்கும். 13.5 என்றால் 22, 5.6. வீட்டு ப்ரெஷர் பம்ப் தருவது பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று கிலோ. ஆகவே பைப் வெடிக்காது. வெந்நீர் லைனுக்கு மட்டும் 11 வாங்குங்கள், மன நிம்மதிக்காகவும்தான்.

வெடிப்பது கனெக்ஷன் பைப்பும், பிளாஸ்டிக் மரையும், அவசரத்தில் ஒட்டிய ஜாயிண்டும். கேள்வி 12-ல் சொன்ன 0.3 கிலோவில் பல வருடம் தூங்கிக்கொண்டிருந்த குறையெல்லாம் பம்ப் போட்ட வாரத்தில் எழுந்துவிடும். பம்ப் வாங்கும் நாளில் எல்லாக் கனெக்ஷன் பைப்பையும் மாற்றிவிடுங்கள். காற்றுக் குழாய் உள்ள லைனில் பம்பை அதற்கு அடுத்துத்தான் வைக்க வேண்டும், நடுவில் ஒரு என்.ஆர்.வி.யோடு (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு), இல்லாவிட்டால் பம்ப் தள்ளும் தண்ணீர் காற்றுக் குழாய் வழியே மொட்டை மாடியில் கொட்டும்.

14. பால் வால்வா, கேட் வால்வா?

வீட்டுக்குப் பால் வால்வு. கால் சுற்றில் திறக்கும், மூடும். நிலையைப் பார்த்தாலே தெரியும். உப்புத் தண்ணீரில் கேட் வால்வு வருடக்கணக்கில் திறந்தே கிடந்தால் தண்டு இறுகி, அவசரத்துக்கு மூட வராது. பால் வால்வையும் மாதம் ஒருமுறை மூடித் திறந்து பழக்குங்கள். ப்ரெஷர் பம்ப் உள்ள லைனில் பட்டென்று மூடாதீர்கள், லைன் முழுக்க அதிரும்.

15. கழிவு லைனுக்கு ரிங் ஃபிட்டா, செல்ஃப் ஃபிட்டா? டைப் ஏ, டைப் பி வேற சொல்றாங்க.

டைப் ஏ மெல்லியது. மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும். மலம், குளியல், சமையலறைக் கழிவுக்கு டைப் பி. பைப்பின் மேலேயே அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

ரிங் ஃபிட் என்பது ரப்பர் வளையம் வைத்துத் தள்ளுவது. செல்ஃப் ஃபிட் என்பது சொல்யூஷன் போட்டு ஒட்டுவது. வெளிச்சுவரில் வெயில் படும் நெடுக்கு லைனுக்கு ரிங் ஃபிட் நல்லது. பைப் வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும் அசைவை வளையம் ஏற்றுக்கொள்ளும். அதற்காகப் பைப்பை அடிவரை தள்ளிய பிறகு ஒரு செ.மீ. பின்னிழுத்து விட வேண்டும். குளியலறைத் தளத்துக்கு அடியில், கான்கிரீட்டுக்குள் புதையும் இடத்தில் ஒட்டிய ஜாயிண்ட்தான் என் தேர்வு. கேள்வி 6-ன் அதே நியாயம்.

ஃபிட்டிங் தேர்வில் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். படுக்கை லைன்கள் சேரும் இடத்தில் நேர் டீ வேண்டாம், சாய்வாகச் சேரும் ஒய் போடுங்கள். டீயில் கழிவு எதிர்ச்சுவரில் மோதித் தேங்கும். நெடுக்கு லைன் தரையைத் தொட்டுத் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி எல்போவுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு. அங்கும், ஒவ்வொரு திருப்பத்திலும், கதவு உள்ள டோர் பெண்ட் அல்லது டோர் டீ போட்டு, அந்தக் கதவு கைக்கு எட்டும்படி வையுங்கள். 110 மி.மீ. லைனுக்கு மீட்டருக்கு இரண்டரை செ.மீ. சாய்வு கொடுங்கள்.

16. மொட்டை மாடியில வெள்ளை பைப் மஞ்சளாப் போச்சு, தட்டினா உடையுது. என்ன போடலாம்?

வெயிலின் புற ஊதாக் கதிர் செய்த வேலை. யு.பி.வி.சி.யும் சரி, சி.பி.வி.சி.யும் சரி, திறந்த வெயிலில் வைத்தால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். போட்ட வாரத்திலேயே தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் பெயின்ட், வெள்ளை நிறத்தில், இரண்டு கோட் அடித்துவிடுங்கள். எண்ணெய் பெயின்ட் கூடாது. கிளாம்ப் பைப்பை நெரிக்காமல் வழுக்க விட வேண்டும்: 10 மீட்டர் சி.பி.வி.சி. 40 டிகிரி சூடு ஏறினால் இரண்டரை செ.மீ.க்கு மேல் நீளும்.

17. பைப்புலயே மரை போட்டுடலாமா? அடாப்டர் மிச்சம்தானே?

சுவர் தடித்த ரகமான ஷெட்யூல் 80 யு.பி.வி.சி. பைப்பில் மட்டும் போடலாம், அதிலும் தாங்கும் அழுத்தம் பாதியாகக் குறையும். ஷெட்யூல் 40-லும் சி.பி.வி.சி.யிலும் சுவர்க்கனம் போதாது. பைப்பை நெருப்பில் காட்டி விரித்துக் கப்ளர் செய்வதும் இதே ரகம். அந்த இடத்தில் கனம் சீராக இருக்காது, பொருத்தமும் வராது.

18. பைப் ஒரு கம்பெனி, ஃபிட்டிங் இன்னொரு கம்பெனி. பரவாயில்லையா?

இரண்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் ஒரே அளவுமுறையைச் சேர்ந்ததாக இருந்தால் பொருந்தும். இருந்தாலும் சுவருக்குள் போவதற்கு ஒரே கம்பெனியாக எடுங்கள். நாளைக்குக் குறை வந்தால் பைப்காரர் ஃபிட்டிங்கையும் ஃபிட்டிங்காரர் பைப்பையும் காட்டிவிட்டுப் போக வழி இருக்காது. சி.பி.வி.சி. பைப்பில் ஐ.எஸ். 15778 என்ற எண் இருக்கிறதா பாருங்கள்.

19. டைல்ஸ் எல்லாம் ஒட்டியாச்சு. இப்ப பக்கத்து ரூம் சுவர்ல ஈரம். எங்க ஒழுகுதுன்னே தெரியலை, எல்லாத்தையும் உடைக்கணுமா?

உடைக்கும் முன் ஒழுகுவது வரும் தண்ணீரா, போகும் தண்ணீரா என்று கண்டுபிடியுங்கள். குளித்தால் மட்டும் ஈரம் கூடி, பூட்டிப் போன வாரத்தில் காய்ந்தால் கழிவு லைன் அல்லது டைல்ஸ் இடுக்கு. எப்போதும் ஒரே அளவில் ஈரம் இருந்தால் வரும் லைன்.

வரும் லைனைச் சோதிக்க, குழாய்களைக் கழற்றி டம்மி போட்டு, கீசர் வாய்களையும் அடைத்து, கைப்பம்பும் அழுத்தமானியும் உள்ள பிளம்பரைக் கூப்பிடுங்கள். வெந்நீர், பச்சைத்தண்ணீர் லைன்களைத் தனித்தனியாக ஏற்றிப் பாருங்கள். எந்த லைனில் முள் இறங்குகிறதோ அதில்தான் குறை. காற்றடித்துச் சோதிப்பவரை அனுமதிக்காதீர்கள். காற்று ஏறிய பிளாஸ்டிக் வெடித்தால் துண்டுகள் தெறிக்கும். இரண்டு லைனிலும் முள் நின்றால், தரை ட்ராப்பின் (தரையில் தண்ணீர் இறங்கும் இடம்) வாயை அடைத்து, தரையில் ஒரு நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பாருங்கள். அப்போது ஈரம் வந்தால் தளத்தின் தண்ணீர்த் தடுப்புப் பூச்சில் குறை. வராமல், அடைப்பை எடுத்துத் தண்ணீர் விட்ட பிறகு வந்தால் ட்ராப்பிலோ கழிவு லைனிலோ குறை.

வரும் லைன் என்று தெரிந்தால், முதலில் குழாய் வாய்களுக்குப் பின்னால் உள்ள டைல்ஸை மட்டும் எடுங்கள். கேள்வி 5-ல் சொன்ன இடம்தான் பெரும்பாலும் அகப்படும். கெட்ட துண்டை வெட்டிவிட்டு இரண்டு கப்ளரும் ஒரு சிறு பைப்பும் வைத்து ஒட்டலாம். ஆனால் சுவருக்குள் இறுகி நிற்கும் பைப்பை அசைக்க முடியாமல் கப்ளர் பாதிதான் நுழையும். அதனால் இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு அடி கூடுதலாகக் காடியைத் திறந்து, பைப் சற்று வளைந்து கொடுக்க இடம் விடுங்கள். இன்னொரு டைல்ஸ் போகிறதே என்று தயங்கி அரைகுறையாக ஒட்டினால் அதே சுவரை மறுபடி உடைக்க வேண்டிவரும். மூடும் முன் ஒரு நாள் காயவிட்டு, மறுபடி அழுத்தம் ஏற்றிப் பார்த்து, திறந்த சுவரை அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.